மாரிக்கண்ணன் பட்ட விதம்

2024ஆம் ஆண்டு, ஜூலைத் திங்கள் இருபத்து நான்காம் நாள், புதன்கிழமை. வானில் மேகம் இருந்தது, மழை இல்லை. ஆடி மாத மேல்காற்று விடியற்காலையிலேயே எழுந்து, கரிசல் நிலத்தின் புழுதியை வாரிக் கிழக்கே கொண்டுசென்றுகொண்டிருந்தது. வெயில் கடுமையாக இல்லை எனினும், காற்று சுட்டது.

எம்.ரெட்டியபட்டிக்கு அருகில் உள்ள செங்கமடை என்னும் சிற்றூரில், ஊருக்கு வடபுறம் அமைந்த தம் காட்டில், முருகலட்சுமி கரிமூட்டத்திற்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். இப்பகுதியில் காடு எனப்படுவது வானம் பார்த்த விளைநிலமே ஆகும். புரட்டாசியில் மழை பெய்தால் அதில் பருத்தியும் குதிரைவாலியும் விளையும். மழை பெய்யும்வரை சீமைக்கருவேல மரம் ஒன்றே அங்குச் செழித்திருக்கும்.

கரிமூட்டம் போடுதல் பொறுமை வேண்டும் தொழில். மரத்தை வெட்டித் துண்டுகளாக்கிக் கூம்பாக அடுக்குவர். வைக்கோலும் தழையும் போர்த்தி, அவற்றின்மேல் ஈரமண் பூசி, உச்சியில் நெருப்பிடுவர். உள்ளே விறகு எரியக் கூடாது, வேக வேண்டும். எங்கேனும் மண் பிளந்து காற்று புகுந்தால், கரிக்கு மாறாகச் சாம்பலே எஞ்சும். ஆதலால் ஆடிக் காற்றில் மூட்டம் போடத் துணிவோர் சிலரே. முருகலட்சுமி அச்சிலருள் ஒருவர்.

அவருக்கு அகவை நாற்பத்தெட்டு. அவருடைய கணவர் மாரிக்கண்ணன் இராணுவத்தில் பணியாற்றியவர். 1999ஆம் ஆண்டு கார்கில் போரில் உயிர் நீத்தவர். குழந்தை இல்லை. ஓய்வூதியம் தவறாமல் வருகிறது. ஆயினும் உழைக்கும் கைகள் சும்மா இருக்கச் சம்மதிப்பதில்லை. கணவரின் அண்ணன் தங்கசாமியின் வீட்டை ஒட்டியே அவர் வீடும் இருந்தது. இரு வீட்டிற்கும் முற்றம் ஒன்று.

வெள்ளிக்கிழமை, போர் முடிந்த இருபத்தைந்தாம் ஆண்டு நிறைவு நாள். அன்று ஊர் முகப்பில், பேருந்து நிறுத்தத்தின் அருகே, மாரிக்கண்ணனுக்குச் சிலை திறப்பதென முடிவாகியிருந்தது. தங்கசாமியே முன்னின்று ஏற்பாடு செய்தார்.

கூட வேலை செய்யும் பிச்சையம்மாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏத்தா முருகு, பஸ் ஸ்டாப்புப் பக்கம் போனியா? ஒம் புருசனுக்கு மீசை வச்சுட்டாக."

"அவுகளுக்கு மீச பென்சில்ல கோடு இழுத்த மாதிரியில்ல இருக்கும்."

"இது அப்படியில்ல. ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழத்தக் குத்தி வைக்கலாம். நேத்தே நம்ம மேலத்தெரு ஆளு ஒருத்தரு சுருட்டப் பத்தவச்சு முன்னால வச்சுட்டுக் கும்பிட்டுப் போயிருக்காரு."

"வெளாடாத மதினி."

"நான் எதுக்கு வெளாடுறேன்? போயிப் பாரு. பயமா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போ."

முருகலட்சுமி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினார்.

*

சிலை செய்த இருளாண்டி, நாற்பது ஆண்டுகளாகச் சுற்று வட்டாரக் கோயில்களுக்குச் சிமிட்டிக் கலவையில் காவல் தெய்வங்களைச் செய்து கொடுப்பவர். கருப்பசாமி, முனியசாமி, பாயும் குதிரை ஆகியவற்றில் அவர் கைக்கு நிகர் இல்லை. இராணுவ வீரரின் சிலையை இதற்குமுன் அவர் செய்ததில்லை. மாரிக்கண்ணனின் புகைப்படத்தைச் சாரக் கம்பில் கட்டி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்கினார். ஆயினும் கை பழகிய வழியிலேயே சென்றுவிட்டது. மார்பு அகன்றிருந்தது. இடக்கால் முன்னே பாய்ந்திருந்தது. விழிகள் பிதுங்கியிருந்தன, வெள்ளை பூசப்பட்டிருந்தது, கருவிழி மட்டும் இன்னும் எழுதப்படவில்லை. அரிவாள் பிடிக்க வேண்டிய ஓங்கிய வலக்கையில் அரிவாளுக்கு மாறாகத் துப்பாக்கி இருந்தது. உடலில் பச்சை இராணுவ உடை இல்லையெனில், கிடா வெட்ட யாரேனும் நாள் குறித்திருப்பர்.

முருகலட்சுமி சிலையை ஒரு முறை சுற்றி வந்தார்.

"இருளாண்டி அண்ணே, இது யாரு?"

"என்ன தாயி இப்படிக் கேக்க? மாரிக்கண்ணந்தான்."

"இவுககூட நான் மூணு வருசம் குடும்பம் நடத்தியிருக்கேன். ஒருநா என்னைய இப்படி மொறச்சதில்ல."

இருளாண்டி சாரத்திலேயே குந்தித் தலையைச் சொறிந்தார். "படத்தப் பாத்துத்தான் தாயி செஞ்சேன். கை அதுபாட்டுக்குப் போயிருச்சு. மீசையக் கொறச்சிருவம். முழியையும் கொஞ்சம் உள்ள வாங்கிருதேன்."

"அது சரி. கையில இருக்கது என்ன?"

"துப்பாக்கி" என்று பின்னாலிருந்து விடை வந்தது. தங்கசாமி மிதிவண்டியை நிறுத்திவிட்டு வந்துகொண்டிருந்தார். அறுபதை நெருங்கிய, மெலிந்த, நிமிர்ந்த மனிதர்.

"தெரியுது மச்சான். அதான் கேக்கேன்."

"பட்டாளத்துக்காரன் கையில வேற என்னத்தா இருக்கும்?"

"அவுக கையில கரண்டியில்ல இருந்துச்சு."

தங்கசாமி சாலையின் இருபுறமும் பார்த்தார். "மெல்லப் பேசு" என்றார்.

மாரிக்கண்ணன் இராணுவத்தில் சமையற்காரர். இஃது ஊரார் அனைவரும் அறிந்ததே. விடுமுறையில் அவர் வந்தபோதெல்லாம், தேநீர்க் கடையில் இளைஞர்கள், "ஏலே மாரி, எதிரிய எத்தன பேரச் சுட்ட? இல்ல, சப்பாத்தி மட்டுந்தானா?" என்று கேட்பர். மாரிக்கண்ணன் அவர்களோடு சேர்ந்து சிரிப்பார். மறுநாள் அவர்களில் எவர் வீட்டிலேனும் திருமணம் என்றால், அவரே அண்டாவின் முன் நிற்பார். தங்கசாமியோ சிரித்ததில்லை. தம்பியின் உடல் தேசியக் கொடி போர்த்தி வந்த நாளில், கூட்டத்தில் ஒருவர், "எப்படிண்ணே பட்டான்?" என்று கேட்டார். தங்கசாமி, "எட்டுப் பேரச் சுட்டுட்டுத்தான் விழுந்தான்" என்றார். அவ்வெண்ணிக்கை ஆண்டுதோறும் சற்றே உயர்ந்துவந்தது.

நிகழ்ந்தது என்ன என்பதை அறிந்தவர் மூவர். உடலோடு வந்த காசிம், அருப்புக்கோட்டைக்காரர், மாரிக்கண்ணனோடு அதே மலையில் இருந்தவர். அவர் அன்றே முற்றத்தில் வைத்துத் தங்கசாமியிடமும் முருகலட்சுமியிடமும் கூறிவிட்டார். அதன்பின் அம்முற்றத்தில் அப்பேச்சு எழவில்லை.

"செலைய மாத்தணும் மச்சான்" என்றார் முருகலட்சுமி.

"மாத்த முடியாது."

இருளாண்டி இறங்கி வந்தார். "இங்க பாருங்க, ரெண்டு பேரும் என்னையப் பகைச்சுக்கிடாதீக. வெள்ளிக்கெழம காலையில கண்ணு தொறக்கணும். கண்ணு தொறந்துட்டா அதுக்கப்புறம் உளி படக் கூடாது. மாத்துறதுன்னா அதுக்கு முந்தி மாத்திக்கிடுங்க."

"மாத்த ஒண்ணுமில்ல" என்றார் தங்கசாமி.

"அப்ப இன்னொண்ணையும் கேட்டுக்கிடுங்க. பட்டவுக செலைக்குக் கண்ணு தொறக்கையில, அந்த வீட்டு மூத்த ஆம்பள முன்னால நின்னு, அவுக பட்ட விதத்தச் சொல்லணும். அதக் கேட்டுட்டுத்தான் நான் கருப்பு எழுதுவேன். எங்கப்பன் காலத்துல இருந்து அப்படித்தான்."

"சொல்றேன். சண்டையில பட்டான்."

"அது பத்தாதுல்ல. எந்த எடம், கையில என்ன இருந்துச்சு, பக்கத்துல யாரு, எல்லாம் சொல்லணும். மாத்திச் சொன்னா கண்ணு நிக்காது. எனக்கில்ல, செலைக்கு."

தங்கசாமி மிதிவண்டியின் மணியை விரலால் ஒருமுறை துடைத்துவிட்டு, ஏறிச் சென்றார்.

*

மறுநாள் வியாழக்கிழமை பிற்பகலில் காற்று மிகுந்தது. மூட்டத்தின் மேற்குப் பக்கம் உள்ளங்கை அளவிற்கு மண் பிளந்தது. வெண்புகை மங்கி நீலம் கலக்கலாயிற்று. உள்ளே விறகு எரியத் தொடங்கியதற்கு அதுவே அறிகுறி. பிச்சையம்மாள் உணவுண்ணச் சென்றிருந்தார். முருகலட்சுமி தனியே நின்று மண்ணை வாரி அடித்தார். அடித்த மண்ணைக் காற்று பறித்தது.

வரப்பில் வந்துகொண்டிருந்த தங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். குடத்து நீரை மண்ணில் ஊற்றிக் காலால் மிதித்துச் சேறாக்கினார். முருகலட்சுமி அதை அள்ளி அப்பினார். ஒரு பிளவை மூடுவதற்குள் மற்றொன்று திறந்தது. முருகலட்சுமி கிழக்கே ஓட, தங்கசாமி மேற்கே நின்றார். முழங்கை வரை சேறும் முகமெல்லாம் கரியுமாக இருவரும் போராடினர். ஒருவழியாக நீலம் மறைந்து, புகை மீண்டும் வெளுத்துத் தடித்தது. இருவரும் காற்றுக்கு முதுகு காட்டி அமர்ந்தனர்.

"ஆடியில மூட்டம் போடாதன்னா கேக்குறியா?"

"நீங்க மட்டும் சொன்னாக் கேப்பீகளாக்கும்."

தங்கசாமி தூக்குச்சட்டியிலிருந்த கம்பங்கூழைக் குடித்துவிட்டு, வெங்காயத்தைக் கடித்தார்.

"நாளைக்கு மாலை போட வருவேல்ல?"

"துப்பாக்கியோட நிக்கிறவருக்கு நான் எதுக்கு மாலை போடணும்? அவரு யாரோ எவரோ."

"ஊரு முன்னால என்னைய அசிங்கப்படுத்தப் போற."

"நீங்க அவுகள என்ன செய்றீகளாம்?"

தங்கசாமி தூக்குச்சட்டியை மூடி வைத்தார். பின்பு பேசலானார்.

"ஏத்தா, அவன நான் தோள்ல தூக்கி வளத்தவன். எங்கய்யா செத்தப்ப அவனுக்கு அஞ்சு வயசு. டீக்கடையில அவனுக சிரிச்சப்ப நீ வீட்டுக்குள்ள இருந்த, ஒனக்குக் கேக்கல. சட்டி கழுவப் பட்டாளத்துக்குப் போனவன்னான் ஒருத்தன். எனக்கு இங்கன குத்துச்சு."

"அவுகளும் சேந்துதான் சிரிச்சாக. நீங்கதான் சிரிக்கல."

"கரண்டியோட நிக்க வச்சா இன்னைக்கும் சிரிப்பானுக."

"சிரிக்கட்டும். அன்னைக்கும் வயிறு ரொம்பச் சாப்ட்டுட்டுத்தான சிரிச்சானுக."

தங்கசாமியின் உதட்டோரம் சற்றே அசைந்தது. உடனே அவர் அதை அடக்கிக்கொண்டார்.

"மச்சான், எனக்குப் பிள்ள இல்ல. எனக்கும் ஒங்களுக்கும் பெறகு அவுகளப் பாத்த ஆளுன்னு யாரு இருப்பா? வாரவன் போறவன் எல்லாம் அந்தச் செலையத்தான் பாப்பான். அதுதான் மாரிக்கண்ணன்னு நெனப்பான். என் புருசன் இருந்த எடத்துல வேற ஒரு ஆளு நிக்கிறத நான் எப்படிப் பாத்துக்கிட்டிருக்க?"

"நான் சொன்ன வார்த்தைய இப்ப எப்படி மாத்த? இருவத்தஞ்சு வருசமாச்சு."

"அது ஒங்க பாடு. நான் யாருகிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன். இம்புட்டு நாளு தொறந்தேனா? நாளைக்கு நீங்க என்ன சொல்றீகளோ அதுதான். துப்பாக்கின்னு சொன்னா துப்பாக்கியோடயே கண்ணத் தொறக்கட்டும். நானும் மாலையப் போட்டுட்டு வாரேன்."

தங்கசாமி வியப்புடன் நிமிர்ந்தார். "நெசமாவா?"

"நெசந்தான். ஆனா காசிம் அண்ணன் முன்வரிசையில உக்காந்திருப்பாக. அவுக மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு முருகலட்சுமி எழுந்து, மூட்டத்தைச் சுற்றிக் கையால் தடவி வெப்பம் பார்க்கத் தொடங்கினார்.

*

வெள்ளிக்கிழமை. ஊர் முகப்பில் பந்தல் காற்றில் படபடத்தது. ஆடி வெள்ளி ஆதலால் ஊர்ச் சாப்பாட்டில் இறைச்சி இல்லை. சோறும், பருப்புக் குழம்பும், கத்தரிக்காய்க் கூட்டும், அப்பளமும் ஆண்களே சமைத்தனர். சிலையின் எதிரே தோண்டிய அடுப்புக் குழிகளில் அண்டாக்கள் கொதித்தன. புகை சிலையின் முகத்தில் மோதிக் கலைந்தது. இருளாண்டி, மீசையைக் குறைத்து விழிகளையும் தணித்திருந்தார். முகம் இப்போது மாரிக்கண்ணனை ஒருவாறு ஒத்திருந்தது. ஓங்கிய கையும் துப்பாக்கியும் அப்படியே இருந்தன.

காசிம் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் பதக்கங்கள் குத்தியிருந்தார். முருகலட்சுமியைக் கண்டதும் நேரே வந்தார்.

"நல்லா இருக்கியா தங்கச்சி?"

"இருக்கேண்ணே. வீட்ல மதினி வரலையா?"

"முழங்கால் வலி. ஒன்னையக் கேட்டதாச் சொன்னா." சிலையை நோக்கிய அவர் முகம் மாறியது. "என்ன தங்கச்சி இது? மைக்கு இருக்குல்ல, நான் ரெண்டு வார்த்த பேசட்டா?"

"வேணாம்ணே. அவுக அண்ணன் சொல்லட்டும். அண்ணன் சொன்னாத்தான் ஊருக்கு ஏறும்."

இருளாண்டி மைச்சிமிழுடன் சாரத்தில் ஏறி நின்றார். தங்கசாமி ஒலிவாங்கியை ஒதுக்கிவிட்டுச் சிலையின் முன் வந்தார். பேச்சு அடங்கியது.

"என் தம்பி மாரிக்கண்ணன்" என்று தொடங்கினார். "மலையில… சண்டையில…"

நின்றார். காசிமைப் பார்த்தார். காசிம் தலையசைக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. கேட்பதற்காக வந்தவர் போல் கைகளை மடியில் வைத்துக் காத்திருந்தார். தங்கசாமி துண்டால் வாயைத் துடைத்தார்.

"மலை உச்சியில ஒரு காவல் போஸ்ட்டு. மூணு நாளா அங்க குண்டு விழுகுது. மேல இருந்தவுகளுக்குச் சோறு போகல. கீழ சமையக்கட்டுல இருந்தவன் என் தம்பி. அவன் சமையக்காரன். ஒங்க எல்லாருக்கும் தெரியும். எட்டுப் பேரச் சுட்டான்னு நான் சொன்னேன். அவன் யாரையும் சுடல."

"போன வருசம் பன்னெண்டுன்னு சொன்னீகளே" என்றார் தேநீர்க் கடை ஜெயபாண்டி. கிண்டலாக அன்று, உண்மையாகவே குழம்பிக் கேட்டார்.

"சொன்னேன். பொய்யி."

எவரும் சிரிக்கவில்லை. தங்கசாமியின் குரல் இப்போது உறுதிப்பட்டது. நெடுநாள் சுமந்ததைத் தரையில் இறக்கியவர் போலப் பேசினார்.

"சோறு தூக்குற கோவேறு கழுத குண்டுல செத்துப்போச்சு. விடிஞ்சதும் பாப்பம்னு எல்லாரும் சொல்லியிருக்காக. மேல இருக்கவன் எப்படா சாப்பிட, நான் போறேன்னு இவன் கெளம்பிட்டான். பாத்திரத்தச் சாக்கும் கம்பளியும் வச்சுச் சுத்தி இறுக்கிக் கட்டியிருக்கான். துப்பாக்கி முதுகுல கெடந்துச்சு. கையில சோறு. கயித்தப் புடிச்சு ஏறி, கடேசி வளைவுக்குப் போயிட்டான். அங்கதான் பக்கத்துல குண்டு விழுந்துச்சு. மேல இருந்தவுக எறங்கி வந்து பாக்கையில, பாத்திரத்த மார்போட அணைச்சுக் குப்புறக் கெடந்திருக்கான். மூடி கழலல. ஒரு பருக்க சிந்தல."

தங்கசாமி கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"அந்தச் சோத்தத்தான் மேல இருந்தவுக சாப்ட்டாக. அழுதுக்கிட்டே சாப்ட்டாக. இந்தா இருக்க காசிம் பாயும் சாப்ட்டாரு. கேட்டுக்கிடுங்க."

காசிம் எழுந்து நின்றார்.

"சாப்ட்டேன்" என்றார். "சூடா இருந்துச்சு."

அவ்வளவே. அவர் அமர்ந்துகொண்டார்.

ஜெயபாண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். அவரைக் கண்டு மற்ற ஆண்களும், ஒருவர்பின் ஒருவராக, துண்டை எடுத்தனர். மரியாதை செய்ய இவ்வூரார் அறிந்த முறை அதுவே.

தங்கசாமி சாரத்தை நிமிர்ந்து பார்த்தார். "இருளாண்டி, அந்தக் கைய எறக்கு. துப்பாக்கிய முதுகுல போடு. கையில பாத்திரம் வையி."

"இப்பவா?"

"இப்பத்தான். கண்ணு தொறந்துட்டா முடியாதுன்னு நீதான சொன்ன."

"கைய எறக்கிருவேன், உள்ள கம்பிதான். பாத்திரம் செய்யணும்னா ரெண்டு நாளாகும்."

முருகலட்சுமி சமையல் நடக்கும் இடத்திற்குச் சென்றார். பந்திக்கெனக் கழுவிக் கவிழ்த்திருந்த குழம்பு வாளிகளுள் பெரியது ஒன்றை எடுத்து வந்து சாரத்தில் நீட்டினார்.

"இத வச்சுக் கட்டிப் பூசுங்கண்ணே."

"ஏத்தா, பந்திக்கு வாளி பத்தாதுத்தா" என்றார் சமையல் ஆட்களில் ஒருவர்.

"குடத்துல ஊத்துங்கடா" என்றார் பிச்சையம்மாள். "குழம்புக்கென்ன, குடத்துல வந்தா எறங்காதுன்னா சொல்லுது?"

இருளாண்டி உளியை எடுத்தார். ஓங்கிய கையின் சிமிட்டி உதிர்ந்தது. உள்ளிருந்த கம்பி வளைந்து தாழ்ந்தது. துப்பாக்கியை நால்வர் தாங்கிப் பிடிக்க, அதை முதுகோடு சேர்த்துக் கம்பியால் கட்டிப் பூசினார். கைக்கு வாளியைப் பிணைத்தார். பெண்கள் சிமிட்டி குழைத்துக் கொடுத்தனர்.

உச்சிப்பொழுது கடந்தது. குழந்தைகள் சோற்று அண்டாவைச் சுற்றி வரலாயினர். கண் திறக்குமுன் பந்தி வைக்கலாமா என்னும் ஐயம் பெரியவர்களிடையே எழுந்தது. சிலர் கூடாது என்றனர். இருளாண்டி பூச்சுக் கரண்டியை நிறுத்தாமல் மேலிருந்தே கூறினார்:

"அந்த வழக்கம் சாமிக்குத்தான். இவரு சமையக்காரரு. நீங்க எல்லாரும் சாப்டாமக் கெடக்கையில கண்ணத் தொறந்தா, மனுசன் என்ன நெனப்பாரு? போயி உக்காருங்க."

பந்தி விரிந்தது. தங்கசாமி குடத்தைத் தோளில் சாய்த்து, ஒவ்வோர் இலைக்கும் குனிந்து குழம்பு ஊற்றினார். காசிமின் இலைக்கு வந்தபோது இரண்டு முறை ஊற்றினார். "போதும் அண்ணாச்சி" என்று காசிம் கையை மறித்தும், மூன்றாம் முறையும் ஊற்றினார். முருகலட்சுமி கடைசிப் பந்தியில் அமர்ந்து, நிதானமாக, மறுசோறு வாங்கி உண்டார்.

ஊர் முழுதும் கை கழுவியபின் இருளாண்டி மைச்சிமிழைத் திறந்தார். இடக்கண்ணையும் வலக்கண்ணையும் எழுதிவிட்டுச் சாரத்திலிருந்து இறங்கி, விலகி நின்றார். உண்ட இலைகளை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிமிர்ந்து நோக்கினர்.

முருகலட்சுமி ஏறி மாலையை அணிவித்தார். வாளியின் வெளிப்புறத்தில் சிமிட்டி இன்னும் ஈரமாக இருந்தது. விளிம்பில் ஒரு சொட்டு வழிந்து நின்றது. பந்திக்கு எடுத்துச் செல்லுமுன் துடைப்பதுபோல, அதை முந்தானையால் துடைத்துவிட்டு இறங்கினார்.

அப்போது நேரம் பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம்.